உங்களுக்குத் தெரியுமா? – தலைக்கு வந்தது

சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தேன். பின்மண்டையில் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியது. பாட்டி ஒரு பிடி காபித்தூளை எடுத்து அப்பிவிட்டு, "ஒண்ணும் இல்ல, போய்ப் படு" என்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் கேட்டால் வேறு பதில் வரலாம்). இப்படி "ஒண்ணும் இல்ல" என்று மறக்கப்பட்ட அடிகள் என்ன ஆகின்றன என்று தேடிப் போன ஆராய்ச்சியாளர்கள் பலர், கடைசியில் ஒரே வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். சிறைச்சாலை வாசல். இந்த முறை பகுதி முழுக்க அதைப் பற்றித்தான்.

பத்தில் ஆறு பேர்

பல நாடுகளின் சிறை ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் ஒரு கணக்கு வந்தது. கைதிகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதோ தலையில் பலத்த அடிபட்டு மூளைக்காயம் ஏற்பட்டிருந்தது. வெளியே இருக்கும் பொதுமக்களிடம் இதே கேள்வியைக் கேட்ட ஆய்வுகளில் கிடைத்தது 8.5 முதல் 12 சதவீதம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிறைக்குப் புதிதாக வந்த 200 பேரை உட்கார வைத்துக் கேட்டார்கள். 82 சதவீதம் பேர் "ஆமாம், அடிபட்டிருக்கிறது" என்றார்கள். 65 சதவீதம் பேர் நினைவிழக்கும் அளவுக்கு அடிபட்டவர்கள்.

கைதி சொல்வதை நம்பலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒத்துப்போனது.

வெளியே வழவழப்பு, உள்ளே கரடுமுரடு

மூளையின் எடை 1.3 முதல் 1.4 கிலோ. உயிரோடு இருக்கும்போது ஏறக்குறைய கட்டித்தயிர் பதத்தில் இருக்கும். அதைச் சுற்றி 150 மில்லிலிட்டர் அளவுக்கு ஒரு திரவம். மண்டையோடு வெளியே தடவினால் வழவழப்பு. உட்புறம் அப்படி இல்லை. கண்குழிக்கு மேலேயும் பக்கவாட்டிலும் எலும்பு மேடுபள்ளமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். தலை வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றால், உள்ளே மூளை அந்த மேடுகளில் போய் உரசும். அடி பின்மண்டையில் விழுந்தாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல் நசுங்குவது இதனால்தான்.

முன்மடலுக்கு என்ன வேலை? கோபத்தை அடக்குவது. வாயில் வந்ததைச் சொல்லாமல் விழுங்குவது. நாளைக்கு என்ன ஆகும் என்று இன்றைக்கே யோசிப்பது. சொன்ன நாலு வேலையை வரிசைப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது. அது காயப்பட்டால் வெளியே கட்டுப்போட ஒரு கீறல்கூட இருக்காது. சாதாரண ஸ்கேனில்கூடப் பல நேரம் ஒன்றும் தெரியாது; நரம்பிழைகள் அறுந்திருப்பதை அது காட்டாது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் திமிர், சோம்பேறித்தனம், சொன்ன பேச்சு கேளாமை. சிறைக்கு வெளியே என்றால் வேலை போகும், கல்யாணம் முறியும். உள்ளே என்றால் ஒழுங்கு மீறல் என்று பதிவேட்டில் ஏறும். அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலச் சிறைகளில் இதை அலசியபோது, தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்ற பதிவு உள்ள கைதிகள்மேல்தான் ஒழுங்கு மீறல் புகார்கள் அதிகம் பதிவாகியிருந்தன.

தலையைத் துளைத்த கம்பி

மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் பெயர் பினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி, வயது 25. வெடிமருந்தைக் குத்தி இறுக்கும் கம்பி, மூன்றரை அடிக்கு மேல் நீளம், ஆறு கிலோ எடை, வெடித்த வேகத்தில் இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. மனிதர் சாகவில்லை. ஆனால் பொறுப்பான மேஸ்திரி, வாயைத் திறந்தால் வசை பொழிகிறவராக மாறிவிட்டார் என்று வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதிவைத்தார்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. கேஜ் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி. நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், பயணிகளிடம் பேச வேண்டும். தினமும் ஒரே பாதை, ஒரே ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும் என்று இப்போது சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1860-இல் இறந்தார். மண்டையோடும் கம்பியும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ராஜாவைச் சுட்டவன் மண்டையில் ஒரு பள்ளம்

1800 மே 15, லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உள்ளே நுழைந்து வணங்கும்போது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். குறி தப்பியது. பெயர் ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட், பழைய சிப்பாய். ஆறு ஆண்டுகளுக்கு முன், 1794-இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில், தலையில் வாள்வெட்டு மேல் வாள்வெட்டாக வாங்கியவன்.

ராஜத் துரோகத்துக்குத் தூக்கு நிச்சயம். ஆனால் வாதாட வந்தவர் தாமஸ் எர்ஸ்கின், அந்தக் காலத்தில் பெயர்போன வழக்கறிஞர். ஹாட்ஃபீல்ட் கணக்குப் போட்டுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறான், இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், அதனால் அவன் முழுப் பைத்தியம் என்று வாதாட வழியில்லை. எர்ஸ்கின் வேறு பக்கமாக வந்தார்: புத்தி வேலை செய்யலாம், ஆனால் காயத்தால் வந்த ஒரு மாயை அந்தப் புத்தியை ஓட்டலாம். தன் மரணத்தால்தான் உலகம் கரையேறும், அதுவும் அரசாங்கத்தின் கையால் சாக வேண்டும் என்று ஹாட்ஃபீல்ட் நம்பினான். அதற்குச் சுலபமான வழி ராஜாவைச் சுடுவது. மண்டையில் இருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூரிகளை எர்ஸ்கின் அழைத்தார். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். விடுதலை.

விடுதலை என்றால் வீட்டுக்கு இல்லை. இப்படிப்பட்டவர்களைக் காவலில் வைக்க அதுவரை தெளிவான சட்டம் இல்லாததால், அவசர அவசரமாக அதே ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஹாட்ஃபீல்டையும் அதற்குள் அடக்கினார்கள். 1841-இல் அவன் சாகும்போதும் பெத்லெம் மனநலக் காப்பகத்தில்தான் இருந்தான்.

இந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. இந்த வரிசையில் அடுத்துவந்த 1843-ஆம் ஆண்டு மெக்நாட்டன் வழக்கின் விதியைத்தான் நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு ஒட்டி நின்றது. இன்று அது பாரதிய நியாய சம்ஹிதாவில் 22-ஆவது பிரிவு. தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ தெரியாத நிலையில் செய்தானா என்பதுதான் கேள்வி. தவறு என்று தெரியும், ஆனால் கை நிற்கவில்லை என்ற முன்மடல் காயக்காரருக்கு அந்தப் பிரிவில் இடம் தேடுவது கஷ்டம்.

ஓடும் குதிரைப் படக்காரர்

சினிமாவின் தாத்தாக்களில் ஒருவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்று 1878-இல் வரிசைப் படமெடுத்துக் காட்டியவர். அவர் கொலை வழக்கில் நின்றவர் என்பது தெரியுமா? 1860-இல் டெக்சாஸில் குதிரை வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. அதன்பிறகு ஆளே மாறிவிட்டார் என்று நண்பர்கள் சாட்சி சொன்னார்கள். 1874-இல் மனைவியின் காதலனைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றார். வழக்கறிஞர் தலைக்காயத்தைக் காட்டிப் புத்தி பேதலிப்பு என்று வாதாடினார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்கள்: மனைவியின் காதலனைக் கொன்றதில் நியாயம் உண்டு என்று! மூளைக்காயத்துக்குக் கிடைக்காத மன்னிப்பு மானத்துக்குக் கிடைத்தது.

ஐந்தில் ஒரு பங்கு

1972-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மர அறுவை மில் ஒன்றில் சிராய் ஒன்று தெறித்து ஒரு தொழிலாளியின் மண்டைக்குள் பாய்ந்தது. பெயர் செசில் கிளேட்டன். அறுவை சிகிச்சையில் முன்மடலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை எடுக்க வேண்டிவந்தது. அதுவரை குடிக்காதவர், குடும்பஸ்தர். பிறகு குடி, கோபம், மணமுறிவு. 1996-இல் ஒரு காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். 2015 மார்ச் 17-இல், 74 வயதில், மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நிறுத்திவைக்கக் கேட்ட மனு, நான்கு நீதிபதிகள் மாறுபட்டும், தோற்றுப்போனது.

கிளேட்டனுக்காவது காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. டோரதி ஒட்னோ லூயிஸ் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் மரண தண்டனைக்குக் காத்திருந்த 15 பேரைப் பரிசோதித்து 1986-இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். நோயாளி என்று தேடிப் பொறுக்கியெடுத்த ஆட்கள் கிடையாது. தண்டனை நாள் நெருங்கிவிட்டது என்பதால் தேர்ந்தெடுத்தவர்கள். 15 பேருக்கும் தலையில் பலத்த காயத்தின் சரித்திரம் இருந்தது. ஒருவர்கூட விலக்கில்லை. விசாரணை நடந்தபோது யாரும் கேட்டிருக்கவில்லை.

அப்படியென்றால் அடிபட்டவரெல்லாம் குற்றவாளியா?

கூடவே கூடாது. ஸ்வீடனில் 1973 முதல் 2009 வரையிலான தேசியப் பதிவேடுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மூளைக்காயம் பட்டவர்களில் பின்னாளில் வன்முறைக் குற்றம் செய்தவர்கள் 8.8 சதவீதம். பொதுமக்களில் 3 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தலைப்புப் போடலாம். நூற்றுக்கு 91 பேர் வன்முறைப் பக்கமே போகவில்லை என்றும் போடலாம். காயம்படாத உடன்பிறந்தவரோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசமும் குறைந்தது. அதாவது வறுமை, குடி, வீட்டுச் சூழல், வளர்ந்த தெரு எல்லாம் சேர்ந்துதான் இழுக்கின்றன. அடிதடி உள்ள வீட்டில் பிறந்த பையனுக்கு அடியும் அதிகம் விழும், வழக்கும் அதிகம் விழும். எது முதலில் என்று பிரிப்பது லேசில்லை.

"அவனுக்குத் தலையில அடிபட்டதுப்பா, ஜாக்கிரதை" என்று யாராவது சொன்னால் அந்த 91 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

பெண்கள் சிறையில் கேட்டபோது

இங்கிலாந்தின் டிரேக் ஹால் பெண்கள் சிறையில் 173 பேரிடம் கேட்டு 2019-இல் அறிக்கை வெளியிட்டார்கள். 64 சதவீதம் பேரிடம் மூளைக்காயத்தின் அடையாளங்கள். அவர்களில் 62 சதவீதம் பேர், அந்தக் காயம் வீட்டு வன்முறையில் வந்தது என்றார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு 109 பெண் கைதிகளைப் பார்த்து 2021-இல் எழுதியது: 78 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க தலைக்காயம். பெரும்பாலோருக்கு ஒரே ஒரு அடியோடு முடிந்திருக்கவில்லை. வருடக்கணக்கில், திரும்பத் திரும்ப. முதல் காரணம், இங்கேயும் வீடுதான்.

சிறைக்கு வராத பெண்களிடம் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஈவ் வலேரா கேட்டார். கணவனாலோ கூட வாழ்ந்தவனாலோ அடிபட்ட 99 பெண்கள். 2003-இல் முடிவு வந்தது. நான்கில் மூன்று பேருக்கு மூளைக்காயம், பாதிப் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை. கால்பந்து வீரருக்குத் தலை மோதினால் கேமரா இருக்கும், மைதான டாக்டர் ஓடிவருவார். சமையலறைச் சுவரில் தலை மோதினால்?

கழுத்தை நெரிப்பதும் இதில் சேரும். சில நொடிகள் ரத்தம் நின்றாலே நினைவு தப்பும். மூளைக்கு அது தனிக் காயம், கழுத்தில் விரல்தடம்கூட இல்லாமல். அந்தப் பெண் மறுநாள் காவல் நிலையத்தில் நேரத்தை மாற்றிச் சொல்வாள், வரிசையைக் குழப்புவாள், நடுவில் அழுவாள், திடீரென்று கத்துவாள். எழுதுகிற ஏட்டு "முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்" என்று எழுதுவார். முரணாகப் பேசுவதுதான் அந்தக் காயத்தின் அடையாளம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எத்தனை வழக்குகள் இந்த ஒரு வரியில் கவிழ்ந்திருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வராது.

போதையா, ரத்தக் கசிவா?

நாக்குக் குழறுகிறது. கால் தள்ளாடுகிறது. வாந்தி. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். வாயில் சாராய வாடை வேறு. லாக்கப்பில் படுக்க வைத்தால் காலையில் தெளிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குடித்தவன் விழுந்து மண்டையில் அடிபட்டிருந்தால், உள்ளே ரத்தம் கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான். காலையில் தெளிய மாட்டான்.

இங்கிலாந்துப் போலீஸுக்கு இதற்கென்றே எழுதிவைத்த விதி உண்டு. போதையில் இருக்கும் காவல் கைதியைக் குறைந்தது அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்; எட்டிப் பார்த்தால் போதாது, எழுப்ப வேண்டும். பெயர் என்ன, வீடு எங்கே, இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். கண்ணைத் திற, கையைத் தூக்கு என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எழும்பவில்லை என்றால் ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரிகளில் 1974 முதல் பயன்படும் கிளாஸ்கோ கோமா அளவுகோலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 15 மதிப்பெண், ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 கிடைக்கும். எந்தக் கருவியும் வேண்டாம்.

நம் நாட்டில், டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பின்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள காயங்களைப் படிவத்தில் குறித்து அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. நல்ல விதி. ஆனால் அந்தப் படிவம் பார்ப்பது தோலை.

வீடிழந்த பிறகா, முன்பா?

டொரண்டோ நகரில் வீடற்றவர்கள் 904 பேரிடம் கேட்டு 2008-இல் வெளியான ஆய்வு. 53 சதவீதம் பேருக்கு மூளைக்காயம். தெருவில் படுத்தால் அடிபடத்தானே செய்யும் என்று தோன்றும். ஆனால் காயம்பட்டவர்களில் 70 சதவீதம் பேருக்கு முதல் காயம், வீடிழப்பதற்கு முன்பே பட்டது.

காருக்குள் தூங்கிய சாம்பியன்

அமெரிக்கக் கால்பந்தில் நாலு முறை சூப்பர் பவுல் வென்ற அணியின் தூண் மைக் வெப்ஸ்டர். கடைசிக் காலத்தில் தன் வண்டிக்குள் படுத்துத் தூங்கினார். 2002-இல் 50 வயதில் இறந்தபோது, பிட்ஸ்பர்க்கில் பிரேதப் பரிசோதனை செய்த நைஜீரிய டாக்டர் பென்னட் ஒமலு, வெளியே நன்றாகத் தெரிந்த மூளையை அப்படியே விட்டுவிடாமல் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குத்துச்சண்டை வீரர்களிடம் 1928-லேயே நியூ ஜெர்சி டாக்டர் மார்ட்லண்ட் வர்ணித்த 'அடிபோதை'யின் தொடர்ச்சி அங்கே இருந்தது. சிறு சிறு அடிகள் வருடக்கணக்கில் சேர்ந்து மூளையை அரிக்கும் நோய். உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை.

2017-இல் பாஸ்டன் குழு, தானமாக வந்த 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளைப் பார்த்தது. 110-இல் இந்த நோய். (சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் தானம் தந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.) அதே ஆண்டில் ஆரன் ஹெர்னாண்டஸ் என்ற நட்சத்திர வீரர், கொலைக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் சிறை அறையில் இறந்தார். வயது 27. அவர் மூளையில் நோய், நாலு நிலைகளில் மூன்றாம் நிலையில் இருந்தது. அந்த வயதில் அவ்வளவு முற்றியதை அதுவரை பார்த்ததில்லை என்றார்கள் அந்த ஆய்வாளர்கள்.

மாற்று ஆட்டக்காரர்

2020 டிசம்பர் 4, கான்பெரா. நம் சின்னப்பம்பட்டி நடராஜன் தன் முதல் டி20 சர்வதேசப் போட்டி ஆடிய நாள். ஸ்டார்க் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட, அவருக்குப் பதிலாக 'கன்கஷன்' (மூளை அதிர்ச்சி) மாற்று ஆளாகச் சஹால் பந்து வீச வந்து மூன்று விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா முணுமுணுத்தது. 2019-இல் வந்த அந்த விதியின் அடிப்படை எளிமையானது: தலையில் பட்டால், ஆடுகிறவன் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வதை நம்பாதே.

இரண்டாவது அடியில் ஞாபகம் திரும்புமா?

தமிழ் சினிமாவில் திரும்பும். நிஜத்தில், முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். நம் படங்களில் மருத்துவரீதியாக நிஜத்துக்கு மிக அருகில் வந்தது, சிரிக்கச் சிரிக்க எடுத்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012). கேட்ச் பிடிக்கப் போய் விழுந்து, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பாரே விஜய் சேதுபதி, அது மூளை அதிர்ச்சியின் அசலான அறிகுறி. ஒளிப்பதிவாளர் பிரேம்குமார் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்தது அது.

மரங்கொத்திக்குத் தலை வலிக்காதா?

மண்டையோடு 'ஷாக் அப்சார்பர்' மாதிரி வேலை செய்கிறது என்று நீண்ட நாள் சொல்லிவந்தோம். 2022-இல் பெல்ஜியம் விஞ்ஞானிகள் வேகமான கேமராவில் படம்பிடித்துப் பார்த்து, இல்லை என்றார்கள். தலை சுத்தியல் மாதிரி விறைப்பாகத்தான் மோதுகிறது. மூளை ரொம்பச் சின்னது என்பதால்தான் தப்பிக்கிறது.

தலைப்பாகையோடு போனது

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் நிஜ நாயகர் டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். சிகிச்சைக்கு வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். காப்பாற்ற முடியாத அந்த மரணம் அவரை விடவில்லை. தலைக்கவசம் உயிர் காக்கிறதா என்று கணக்கெடுத்து 1941-இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது.

2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இது இறந்தவர் கணக்கு. பிழைத்து, தையல் போட்டு, மாறிப்போன சுபாவத்தோடு வீடு திரும்பியவர்களுக்கு அந்த அட்டவணையில் தனிக் கட்டம் இல்லை.

ஐந்து கேள்வி, ஐந்து நிமிடம்

"உனக்கு மூளைக்காயம் உண்டா?" என்று கேட்டால் கைதி இல்லை என்றுதான் சொல்வார். அவருக்கே தெரியாது. அதனால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கோரிகன் குழு வேறு விதமாகக் கேட்கும் முறையை வகுத்தது. தலையிலோ கழுத்திலோ அடிபட்டு ஆஸ்பத்திரி போனதுண்டா? வண்டி விபத்து? எங்கிருந்தாவது விழுந்தது, தலையில் ஏதாவது விழுந்தது? சண்டையில் யாராவது அடித்தது, பிடித்து உலுக்கியது? பக்கத்தில் ஏதாவது வெடித்தது? "ஆமாம்" என்றால், அப்போது நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், எந்த வயதில். அவ்வளவுதான். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கேள்வி மாறியதும் பதிலும் மாறிவிடுகிறது.

தெரிந்து என்ன செய்ய, மாத்திரையா இருக்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லலாம். சொன்னதை எழுதிக் கையில் கொடுக்கலாம். கோர்ட் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டலாம். இரைச்சலில்லாத பக்கம் படுக்க வைக்கலாம். பதில் சொல்ல அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் சிறையில் இதற்கென்றே ஓர் ஆளை வைத்து, கைதிகளுக்கும் வார்டர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். கேஜுக்குச் சிலியின் வண்டிப்பாதை செய்ததும் ஏறக்குறைய இதுதானே.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். சிறையில் நுழையும்போது எடை, உயரம், மச்சம், அங்க அடையாளம் எல்லாம் குறிக்கிறார்கள். அதே மேஜையில் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிடலாம். செலவு, ஒரு தாள்.

"நல்லாத்தானே பேசிட்டு இருந்தார்"

சாவு வீட்டில் நாம் கேட்டிருக்கும் வாக்கியம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். சிரித்துப் பேசினார், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். இரண்டு நாளில் இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் தேங்கி அழுத்தும்வரை ஆள் தெளிவாகவே இருப்பார். அந்த இடைவெளிதான் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிடைக்கும் நேரம்.

வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும் சென்னையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிவைத்த மாநிலம் நம் தமிழ்நாடு. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. ஆகவே காபித்தூள் வேண்டாம். தலையில் அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழறல், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது என்று எது தெரிந்தாலும் 108-க்கு அழையுங்கள். எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டாலும், அடிபட்ட தேதி, எத்தனை நிமிடம் நினைவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி, ஆதார், ரேஷன் கார்டு இருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.